கோகலேயின் ஐந்தாண்டுப் பள்ளி: படிப்பும் அரசியல் களமும் இணைந்த புனே

புனே நகரின் பெர்குசன் கல்லூரிக்குப் பின்னால் ஒரு சிறு குன்று இருக்கிறது. 1905 ஜூன் 12 அன்று கோபால கிருஷ்ண கோகலே மூன்று தோழர்களோடு அக்குன்றின்மீது ஏறினார். முதலில் தாம் உறுதிமொழி ஏற்றுக்கொண்டார். பின்னர் தேவதர், பட்வர்தன், திராவிட் ஆகிய மூவருக்கும் அதே உறுதிமொழியைச் செய்துவைத்தார். இந்திய ஊழியர் சங்கம் அன்று பிறந்தது.

பாடநூல்கள் இச்சங்கத்தை மிதவாதிகளின் அமைப்பு என்று ஒரே வரியில் கூறிவிட்டு அடுத்த பாடத்துக்குச் செல்கின்றன. ஆனால், அதன் விதிகளுள் ஒன்று இன்றைய கல்லூரி மாணவருக்கு நேரடியாகப் பொருந்தக்கூடியது. சங்கத்தில் சேரும் ஒவ்வொருவரும் ஐந்தாண்டுக் காலம் பயிற்சியில் இருக்கவேண்டும். அதில் மூன்றாண்டுகள் புனேயில் உள்ள சங்க இல்லத்தில் தங்கிப் படிப்பு, எஞ்சிய இரண்டாண்டுகள் நாட்டைச் சுற்றிப் பயணம் என்பதே அவ்விதி. அந்த ஐந்தாண்டுகளில் என்ன படிக்கவேண்டும், எங்கே செல்லவேண்டும், எந்தப் பணியில் ஈடுபடவேண்டும் என்பதையெல்லாம் ‘முதல் உறுப்பினர்’ என்று அழைக்கப்பட்ட கோகலேயே வகுத்துக் கொடுத்தார்.

இன்று ‘உள்ளகப் பயிற்சி’ என்ற சொல் கல்லூரிகளில் பரவலாகப் புழங்குகிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை அதனைப் பட்டப்படிப்பின் ஒரு பகுதியாகவே காண்கிறது. பொறியியல் மாணவர் தொழிற்சாலைக்கும் சட்ட மாணவர் வழக்கறிஞர் அலுவலகத்துக்கும் செல்வதில் எவருக்கும் ஐயமில்லை. அரசியல் அறிவியல் படிக்கும் மாணவர் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்கோ தொழிற்சங்கத்துக்கோ சென்று பணியாற்றலாமா என்ற கேள்வி எழும்போதுதான் தயக்கம் வருகிறது. படிக்கும் வயதில் அரசியல் எதற்கு என்பார் ஒரு சாரார்; களத்தில் கற்பதை வகுப்பறை எங்கே கற்றுத்தரும் என்பார் மறு சாரார். இரண்டு தரப்பும் படிப்பையும் களத்தையும் எதிரெதிரே நிறுத்துகின்றன. புனேயில் 1870 முதல் நிகழ்ந்தவை வேறொரு பாடத்தைச் சொல்கின்றன.

அவ்வாண்டு ஏப்ரலில் புனே சார்வஜனிக சபை தோன்றியது. 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சத்தின்போது சபை தன் முகவர்களைத் தக்காணத்து ஊர்களுக்கு அனுப்பியது. விளைச்சல், விலைவாசி, கால்நடை இழப்பு, நிவாரணப் பணிகளின் நிலை ஆகியவற்றைக் கேட்டறிந்து அரசுக்கு அறிக்கைகளாக அனுப்பியது. களத்தில் திரட்டிய தகவல், அறையில் அமர்ந்து செய்த ஆய்வு, அரசை நோக்கிய கோரிக்கை ஆகிய மூன்றும் இங்கே ஒரே சங்கிலியின் கண்ணிகளாயின. இதன் பின்னணியில் இருந்தவர் நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடே.

கோகலே ரானடேயிடம் வந்து சேர்ந்தபோது இருபது வயதைத் தாண்டியிருந்தார், அவ்வளவுதான். 1884இல் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பட்டம் பெற்றுப் புனேக்கு வந்து, தக்காணக் கல்விக் கழகத்தில் ஆசிரியரானவர் அவர். மாத ஊதியம் 75 ரூபாய். இருபதாண்டுகள் அக்கழகத்துக்கே உழைப்பது என்ற உறுதி. பெர்குசன் கல்லூரியில் வகுப்பெடுத்த நேரம் போக எஞ்சிய பொழுதெல்லாம் ரானடேயின் மேற்பார்வையில் கழிந்தது. 1887இல் சார்வஜனிக சபையின் காலாண்டிதழுக்கு அவர் ஆசிரியரானார். அரசு வெளியிட்ட நிதி அறிக்கைகளையும் நிலவரி ஆவணங்களையும் படித்துச் சுருக்கி மனுக்கள் எழுதுவதே அவருடைய வேலை. எழுதியவற்றை ரானடே திருத்துவார். போதாதென்று தோன்றினால் மீண்டும் எழுதச் சொல்வார்.

அக்காலத்து நிகழ்ச்சி ஒன்றைக் கோகலேயே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். இவ்வளவு உழைத்து எழுதும் மனுக்களுக்கு, பெற்றுக்கொண்டோம் என்பதற்கு மேல் அரசு ஒன்றும் பதிலிறுப்பதில்லையே, இதனால் பயன் என்ன என்று அவர் ரானடேயிடம் கேட்டார். மனுக்கள் பெயரளவில்தான் அரசுக்கு எழுதப்படுகின்றன, உண்மையில் அவை நம் மக்களை நோக்கியவை, இத்தகைய பொருள்களைப் பற்றி எப்படிச் சிந்திப்பது என்பதை அவர்கள் கற்கவேண்டும், பல ஆண்டுகளுக்கு வேறு பயனை எதிர்பாராமல் இதைச் செய்தாகவேண்டும் என்ற கருத்துப்பட ரானடே விடையளித்தார். அரசியல் களத்துக்கு வரும் மாணவர் முதலில் பெறவேண்டிய பொறுமை இவ்விடையில் அடங்கியிருக்கிறது.

இந்தப் பயிற்சியின் பலன் 1897இல் வெளிப்பட்டது. இந்தியாவின் செலவினங்களை ஆராய அமைந்த வெல்பி ஆணையத்தின் முன் சாட்சியமளிக்க, தக்காண சபையின் சார்பில் கோகலே இலண்டன் சென்றார். அப்போது அவருக்கு வயது முப்பது. ஆங்கிலேய நிதி வல்லுநர்களின் குறுக்கு விசாரணைக்கு அவர் புள்ளிவிவரங்களோடு விடை சொன்னார். அந்தப் புள்ளிவிவரங்களுக்குப் பின்னே ரானடேயின் வழிகாட்டலும், பள்ளித் தலைமையாசிரியராக இருந்துகொண்டே பொருளியல் ஆய்வில் தோய்ந்திருந்த கணேச வெங்கடேச ஜோஷியின் உழைப்பும் இருந்தன.

அதே பயணத்தில் ஒரு பெருஞ்சறுக்கலும் நேர்ந்தது. அப்போது புனேயைக் கொள்ளைநோய் வாட்டிக்கொண்டிருந்தது. நோய்த்தடுப்பு என்ற பெயரில் படைவீரர்கள் வீடுகளுக்குள் புகுந்து சோதனையிட்டனர். அவ்வீரர்கள் பெண்களிடம் முறைகேடாக நடந்துகொண்டதாகப் புனேயிலிருந்து வந்த கடிதங்களை நம்பிய கோகலே, அச்செய்தியை ‘மான்செஸ்டர் கார்டியன்’ இதழில் வெளியிட்டார். நாடு திரும்பியபின் அதற்குச் சான்று தேடினார். கடிதம் எழுதியவர்கள் முன்வந்து சாட்சி சொல்லவில்லை, சான்றும் கிடைக்கவில்லை. 1897 ஆகஸ்டில் அவர் ஆளுநரிடமும் படைவீரர்களிடமும் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார். ஆங்கிலேயர் அவரைப் பொய்யர் என்றனர். சொந்த ஊரிலோ பலர் அவரைக் கோழை என்றனர். கொள்ளைநோய்க்கால அடக்குமுறை மெய்யானதே. ஆயினும் மெய்யான ஒரு குறையைச் சரிபார்க்காத ஒரு செய்தியோடு சேர்த்துச் சொன்னதால் முழுக் குறைக்கும் வலுக்குறைந்தது.

எட்டாண்டுகளுக்குப் பின் அவர் தொடங்கிய சங்கத்தில் இளையோருக்கு ஐந்தாண்டுப் பயிற்சி என்ற விதி இடம்பெற்றதை இந்த வரலாற்றோடு சேர்த்துப் படிக்கவேண்டும். மேடையேறுவதற்கு முன் மூன்றாண்டுகள் படிக்கச் சொன்னவர், சரிபாராத சொல்லின் விலையைத் தம் வாழ்வில் கொடுத்தவர்.

படிப்பு களத்தில் எப்படிப் பயன்பட்டது என்பதற்கு உப்பு வரி ஒரு சான்று. 1902 மார்ச்சில் இம்பீரியல் சட்டமன்றத்தில் கோகலே ஆற்றிய முதல் வரவுசெலவு உரை, அரசு பெருமையோடு காட்டிய உபரி நாட்டின் வளத்தைக் காட்டவில்லை, தேவைக்கு மிஞ்சிய வரிச்சுமையைத்தான் காட்டுகிறது என்று அரசின் எண்களைக் கொண்டே நிறுவியது. மணங்கு ஒன்றுக்கு இரண்டரை ரூபாயாக இருந்த உப்பு வரி 1903இல் இரண்டு ரூபாயாகவும், 1905இல் ஒன்றரை ரூபாயாகவும், 1907இல் ஒரு ரூபாயாகவும் குறைந்தது. இக்குறைப்புக்குக் காரணங்கள் பல. ஆண்டுதோறும் ஒலித்த அந்தக் குரலும் அவற்றுள் ஒன்று.

சங்கத்தின் பயிற்சி எத்தகைய மனிதர்களை உருவாக்கியது என்பதைத் தமிழர் அறிந்துகொள்ள வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியாரின் வாழ்க்கை போதும். அன்றைய தஞ்சை மாவட்டத்தில் 1869இல் பிறந்த அவர், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தார். 1904இல் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தின் தொடக்கத்திலும் அவருக்குப் பங்குண்டு. 1907இல் தலைமையாசிரியர் பதவியை விட்டு, முப்பத்தேழு வயதில், கோகலேயைவிட மூன்றே வயது இளைய அவர் சங்கத்தின் பயிற்சி உறுப்பினரானார். பள்ளிக்கே தலைவராக இருந்தவர் மீண்டும் மாணவராக அமர்ந்தார். 1915 பிப்ரவரி 19 அன்று கோகலே மறைந்தபின் சங்கத்தின் தலைமை அவரிடம் வந்தது. 1918இல் தொடங்கிய ‘சர்வெண்ட் ஆப் இந்தியா’ வார இதழின் முதல் ஆசிரியரும் அவரே. 1927 முதல் 1929 வரை தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முகவராகப் பணியாற்றியபோது அங்குள்ள இந்தியர்களின் கல்விக்காக அவர் நிதி திரட்டியதன் விளைவாக டர்பன் நகரில் சாஸ்திரி கல்லூரி எழுந்தது. பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார். வகுப்பறையில் தொடங்கிக் களத்துக்குச் சென்று மீண்டும் கல்விக்கூடத்துக்குத் திரும்பிய வாழ்க்கை அது.

இரண்டாவது சான்று சென்னைப் பெரம்பூருக்கு நெருக்கமானது. 1909இல் சங்கத்தில் சேர்ந்த நா. ம. ஜோஷியும் ஆசிரியராக இருந்தவரே. பம்பாயின் ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளைத் தம் களமாகக் கொண்டு 1911இல் அவர் சமூக சேவைக் கழகத்தைத் தொடங்கினார். இரவுப் பள்ளிகள், நூலகங்கள், கூட்டுறவுக் கடன் சங்கங்கள் என்று அப்பணி விரிந்தது. 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. 1920இல் பக்கிங்காம் ஆலைப் போராட்டத்தின்போது பின்னி நிறுவனம் உயர்நீதிமன்றம் சென்று, பி. பி. வாடியா முதலிய சங்கத் தலைவர்களுக்கு எதிராகத் தடையாணை பெற்றது. தொழிலாளரை ஒன்றுசேர்ப்பதே சட்டப்படி குற்றமாகிவிடக்கூடிய நிலை எழுந்தது. 1921 மார்ச்சில் மத்திய சட்டமன்றத்தில் ஜோஷி, தொழிற்சங்கங்களைப் பதிவு செய்யவும் பாதுகாக்கவும் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்துக்கு அத்தீர்மானம் தொடக்கமாயிற்று. பெரம்பூர் ஆலைவாசலில் நேர்ந்ததன் சட்டப் பொருளை உணர்ந்து அதைச் சட்டமன்ற மொழியில் எடுத்துரைக்க, ஆலைத் தெருவையும் சட்டநூலையும் ஒருங்கே அறிந்த ஒருவர் தேவைப்பட்டார். சங்கத்தின் பயிற்சி அத்தகைய ஒருவரை ஆயத்தமாக வைத்திருந்தது.

முதல் மூவருள் ஒருவரான தேவதரின் பணி மலபார் வரை எட்டியது. 1921ஆம் ஆண்டின் மாப்பிளைக் கிளர்ச்சிக்குப் பிறகு அவர் அங்கே நிவாரணப் பணியை நடத்தினார். அதைத் தொடர்ந்து மறுவாழ்வுப் பணிகளும் பள்ளிகளும் உருவாயின. கேரளத்துத் தானூரில் அரசு மேல்நிலைப் பள்ளியொன்று இன்றும் தேவதர் பெயரைத் தாங்கியிருக்கிறது. பொறியாளராக இருந்து 1914இல் சங்கத்தில் சேர்ந்த தக்கர் பாபாவின் பெயரைச் சென்னைத் தியாகராய நகர் அறியும்.

படிப்பையும் பயணத்தையும் இணைக்கும் இக்கருத்து சங்கத்துக்கு வெளியிலும் ஒருவரைத் தொட்டது. 1915 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய காந்தியிடம், ஓராண்டுக் காலம் பொதுப் பிரச்சினைகளில் கருத்துரைக்காமல் நாட்டைச் சுற்றிப் பாருங்கள் என்று கோகலே வாக்குறுதி பெற்றார். காந்தி அவ்வாறே மூன்றாம் வகுப்புப் பெட்டிகளில் நாடெங்கும் பயணம் செய்தார். கோகலேயின் மறைவுக்குப் பின் சங்கத்தில் சேர அவர் விரும்பினார். உறுப்பினர்களிடையே கருத்து வேறுபாடு எழுந்தது; சங்கம் பிளவுபடுவதை விரும்பாத காந்தி தம் விண்ணப்பத்தைத் தாமே திரும்பப் பெற்றுக்கொண்டார். ஒரு பயிற்சிக்கூடம் தன் ஒழுங்கைக் காக்கும் முயற்சியில் தன்னினும் பெரிய ஆற்றலை உள்ளே ஏற்க இயலாமல் போகலாம் என்பதையும் இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

குறைகளைச் சொல்லாமல் இவ்வரலாறு முழுமை பெறாது. ஐந்தாண்டுகளைப் படிப்புக்கும் பயணத்துக்கும் ஒதுக்கக்கூடியவர்கள் அன்று பெரும்பாலும் ஆங்கிலக் கல்வி பெற்ற உயர்சாதி ஆண்களே. அதே புனேயில் 1848இல் பெண்களுக்குப் பள்ளி திறந்து, 1873இல் சத்யசோதக் சமாஜத்தை நிறுவிய ஜோதிராவ் புலே, சார்வஜனிக சபை எல்லார்க்கும் உரியது என்று சொல்லிக்கொள்வதை வன்மையாகக் கண்டித்தார். உழவரும் ஒடுக்கப்பட்டோரும் இல்லாத சபை எப்படி எல்லார்க்கும் பேசும் என்பதே அவர் எழுப்பிய கேள்வி. ஊர்களைச் சென்று பார்த்து எழுதியவர்களுக்கும், அவ்வூர்களில் வாழ்ந்தவர்களுக்கும் இடையே இருந்த தொலைவைப் பயிற்சி குறைத்தது, நீக்கவில்லை. இக்கேள்விக்கு ஒரு விடை அரை நூற்றாண்டுக்குப் பின் பம்பாயில் கிடைத்தது. 1956 ஜூலையில் அம்பேத்கர் அங்கே அரசியலில் நுழைவோருக்கான பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அவ்வாண்டு டிசம்பரில் அவர் மறைந்தார், பள்ளியும் நீடிக்கவில்லை. ஆயினும் ஆட்சி என்பது பிறப்பால் வாய்ப்பதன்று, முறையாகக் கற்கவேண்டியது என்ற எண்ணத்தில் கோகலேயும் அம்பேத்கரும் ஒன்றுபட்டனர் என்பது கருதத்தக்கது.

புனேயின் மரபு 1930இல் மற்றொரு வடிவம் பெற்றது. ரா. ரா. காலே அளித்த கொடையால் இந்திய ஊழியர் சங்கத்தின் வளாகத்தில் கோகலே அரசியல் பொருளியல் நிறுவனம் நிறுவப்பட்டது. அதன் முதல் இயக்குநர் த. ரா. காட்கில் புனே நகரின் வீடுகளையும் தொழில்களையும் வருவாயையும் பற்றி விரிவான களஆய்வு நடத்தினார். பேராசிரியராக இருந்தவாறே, பிரவரா ஆற்றுப் பகுதி உழவர்கள் விட்டல்ராவ் விகே பாட்டீலுடன் சேர்ந்து எழுப்பிய கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குத் தலைவராகவும் பொறுப்பேற்றார். 1950இன் இறுதியில் அந்த ஆலை இயங்கத் தொடங்கியது. ஏட்டில் எழுதிய கூட்டுறவுக் கொள்கை கரும்பு விலையில் எப்படி நிற்கிறது என்பதை ஆய்வாளரே நேரில் எதிர்கொண்டார். 1971இல் அதே நிறுவனத்தைச் சேர்ந்த தாண்டேகரும் நீலகண்ட ரத்தும் வெளியிட்ட இந்திய வறுமை பற்றிய ஆய்வு நாடெங்கும் விவாதிக்கப்பட்டது.

இன்றைய நிலைக்கு வருவோம். பி.ஆர்.எஸ். சட்டமன்ற ஆய்வு நிறுவனம் 2010ஆம் ஆண்டுவாக்கில் தொடங்கிய திட்டத்தின்கீழ் இளம் பட்டதாரிகள் ஏறத்தாழ ஓராண்டு ஒரு நாடாளுமன்ற உறுப்பினரோடு பணியாற்றுகின்றனர். மசோதாவைப் படித்துக் குறிப்பெழுதுவதும், அவையில் கேட்கவேண்டிய வினாக்களை ஆயத்தம் செய்வதும் அவர்கள் பணி. உதவித்தொகையும் உண்டு. இத்தகைய வாய்ப்பு மிகச் சிலருக்கே கிட்டுகிறது. பெரும்பாலான மாணவருக்கு அரசியல் அனுபவம் என்பது தேர்தல் காலத்தில் துண்டறிக்கை விநியோகிப்பதும், சமூக ஊடகப் பதிவுகளைப் பரப்புவதுமாகவே முடிகிறது. பணி முடிந்தபின் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும். கற்றது என்ன என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இராது.

புனேயின் வரலாறு இதற்கு மூன்று நிபந்தனைகளை முன்வைக்கிறது. முதலாவது, மேற்பார்வை. ரானடே திருத்தியதால்தான் கோகலே எழுதக் கற்றார். மாணவர் களத்தில் கண்டதை எழுதவேண்டும். எழுதியதைக் கல்லூரியில் ஒருவர் வரிக்கு வரி படித்து, இதற்குச் சான்று எங்கே என்று கேட்கவேண்டும். 1897இல் அக்கேள்வியை இலண்டனில் கேட்க எவரும் அருகில் இல்லாததன் விளைவைக் கோகலே அனுபவித்தார்.

இரண்டாவது, வாழ்வாதாரம். இந்திய ஊழியர் சங்கம் தன் உறுப்பினருக்கும் அவர்தம் குடும்பத்துக்கும் எளிய வாழ்வுக்குப் போதுமான தொகையை வழங்கியது. அதனால்தான் ஓர் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு ஐந்தாண்டு கற்க இயன்றது. ஊதியமில்லாப் பயிற்சி என்பது, நகரத்தில் தங்க இடமும் செலவுக்குத் தந்தையின் பணமும் உள்ளவர்களுக்கு மட்டுமே திறக்கும் கதவு. புலே எழுப்பிய கேள்வி இன்று அந்தக் கதவின் முன் நிற்கிறது. கூலித் தொழிலாளியின் மகள் ஒருத்தி விடுமுறை மாதத்தில் வேலைக்குச் செல்லாமல் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் கற்கவேண்டுமானால், அம்மாதத்தின் கூலியை யார் தருவது என்பதற்குத் திட்டத்திலேயே விடை இருக்கவேண்டும்.

மூன்றாவது, கால அளவு. நான்கு வாரங்களில் ஒரு மனுவின் தொடக்கத்தைக் காணலாம். அதன் முடிவைக் காண இயலாது. 1911 மார்ச்சில் கோகலே கட்டாய இலவசத் தொடக்கக்கல்வி மசோதாவைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். ஓராண்டுக்குப் பின் 13 வாக்குகள் ஆதரவாகவும் 38 வாக்குகள் எதிராகவும் விழ, மசோதா தோற்றது. குழந்தைகளின் கல்வி உரிமைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2009இல். இடைப்பட்ட தொண்ணூற்றெட்டு ஆண்டுகளில் அக்கருத்தைக் கைவிடாமல் கொண்டுசென்றவர்கள், தோல்வியடைந்த மசோதாவைப் படித்து, அதன் வாதங்களைத் திருத்தி, மீண்டும் மக்களிடம் சென்றவர்கள். அரசியலை ஒரு கல்வியாகக் கற்ற மாணவரே அத்தகைய நெடிய காத்திருப்புக்கு ஆயத்தமாவார்.

பெர்குசன் குன்றின்மீது 1905 ஜூன் 12 என்ற நாளைக் குறிக்கும் நினைவுத்தூண் இருக்கிறது. நாள்தோறும் காலையில் மாணவர்கள் அதைக் கடந்து நடக்கிறார்கள். அடிவாரத்துக் கல்லூரியின் வகுப்பறைகளில் அரசியல் அறிவியலும் பொருளியலும் இன்றும் கற்பிக்கப்படுகின்றன. அங்கிருந்து சற்றுத் தொலைவிலேயே கோகலே வாழ்ந்து மறைந்த சங்க வளாகம் இருக்கிறது. வகுப்பறைக்கும் அந்த வளாகத்துக்கும் இடையே ஒரு காலத்தில் வழக்கத்தில் இருந்த பாதையை மீண்டும் திறப்பது, புனேக்கு மட்டுமின்றி மதுரைக்கும் திருச்சிக்கும் திருநெல்வேலிக்கும் உரிய வேலை.